அவஸ்தை கொடுத்தால் அப்பா பிழைக்க மாட்டார் என்று அம்மா அழுகிறார். எப்படிப் புரியவைப்பது?

மலையடிவாரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், இப்போது இருப்பது ஓசூரில். நோயாளிக்குச் சாமியார் (எங்கள் கோயில் குரு) வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பதை ஊரில் அவஸ்தை என்போம். அப்பாவுக்கு 71 வயது. போன வாரம் நெஞ்சுவலி வந்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும் என்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது, கிட்னியும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதனால் ஆபத்து கூடுதல் என்று சொல்லிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

நேற்று ராத்திரி கால் அமுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாக, "ஒரு சாமியாரைக் கூட்டிட்டு வர முடியுமாடா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மா பக்கத்துப் பெஞ்சில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய் அழ ஆரம்பித்துவிட்டார். "அவஸ்தை குடுத்து எந்திரிச்சு வந்தவங்க யாரு? ஒரு ஆளைக் காட்டு பாப்போம்" என்கிறார். 1979-இல் அம்மாவின் அப்பா, பிறகு எங்கள் அப்பாயி, பிறகு எதிர்வீட்டுப் பெரியம்மா என்று விரல்விட்டு எண்ணுகிறார். மூன்று பேருக்கும் சாமியார் வந்தாராம், மூன்று பேருக்கும் மறுநாள் விடிவதற்குள் கோயிலில் துக்கமணி அடித்ததாம். "சேசு மரி சூசை, என் தாலி நிலைக்கணும்" என்கிறவரிடம் நான் எந்த வாதத்தை எடுத்துவைப்பது?

இன்னும் இரண்டு சிக்கல் இருக்கிறது.

அப்பா பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2003 திருவிழாவில் சப்பரச் செலவுக்குக் கணக்குக் கேட்டார். கமிட்டியோடு சண்டை, கோயில் வரி கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம். அப்போதிருந்த பங்குச்சாமியாரும் ஏதோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார், ஆனால் கோயிலுக்குள் நுழைய மாட்டார். வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை காண்பார், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க மாட்டார். என் கல்யாணத்தில் கூட வாங்கவில்லை. அந்த மனுஷர்தான் இப்போது சாமியாரைக் கேட்கிறார். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் பூசுதல் மட்டும் வாங்கலாமா? ஊர்ப் பங்கில் வரி பாக்கி இருக்கிறதே, அதைச் சொல்லி மறுப்பார்களா?

அடுத்தது மச்சான். தங்கை வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே. "எங்க பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபிப்பார், பைபிள்ல யாக்கோபு அஞ்சாம் அதிகாரத்துலயே இருக்கு, அவரையே கூட்டிட்டு வாரேன்" என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ரெண்டும் ஒன்றுதானா?

இன்று திங்கள். நாள் அதிகம் இல்லை.

கடற்கரைக்காரன் சொன்னது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டது அப்பா. அவர் சுயநினைவோடு கேட்கிறார். அம்மாவுக்காக அவருக்கு மறுக்க நமக்கு உரிமை கிடையாது. கூப்பிடுங்கள், அவ்வளவுதான். அப்புறம், அவஸ்தை என்ற பேரையே விடுங்கள். இப்போது நோயில்பூசுதல்.

ஓய்வுபெற்ற நர்ஸ் சொன்னது:

தம்பி, கடற்கரைக்காரர் சொல்வது சரிதான். ஆனாலும் அம்மாவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஆபரேஷன் முடிந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவது அவர்தான். நான் 31 வருஷம் நர்ஸாக இருந்தவள், பாதிக்கு மேல் ஐசியூவில். உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ அம்மாக்களை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். நானும் குமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம்தான், எங்கள் வீட்டிலும் இதே பயம் உண்டு.

அம்மாவின் கணக்கில் தப்பில்லை. மூன்று பேருக்கும் சாமியார் வந்தார், மூன்று பேரும் இறந்தார்கள், உண்மை. ஆனால் சாமியாரை எப்போது கூப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போது, வாயில் பால் ஊற்றிய பிறகு. 108-இல் ஏற்றிக்கொண்டு போகிற நிறையப் பேர் பிழைப்பதில்லை. அதனால் 108-ஐக் கூப்பிட்டால் செத்துப்போவோம் என்று யாராவது சொல்வார்களா? நான் வேலை பார்த்த காலத்தில் சொந்தக்காரர்கள் எங்களிடம் வந்து "சிஸ்டர், இப்ப சாமியாரைக் கூப்பிடலாமா?" என்று கேட்பது பெரும்பாலும் மானிட்டரில் கோடு படுக்கப்போகிற நேரத்தில்தான். சாமியார் பைக்கை நிறுத்திவிட்டு மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை, பூசுதல் போன்ற திருச்சடங்குகள்) உயிரோடிருப்பவர்களுக்குத்தான். இறந்துவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அவர் ஜெபம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். சந்தேகம் இருந்தால் பூசலாம் என்று திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை நம்பித்தான் நம் ஆட்கள் கடைசி நிமிஷம் வரை இழுக்கிறார்கள்.

உங்கள் தாத்தா 1979-இல் இறந்தார் என்றீர்கள் அல்லவா? அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1972 நவம்பர் 30-ஆம் தேதி, ஆறாம் பவுல் பாப்பரசர் இந்தச் சடங்கை மாற்றி எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலக ஆயர்கள் கூடிய கூட்டம்) இது சாகக்கிடப்பவர்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று சொல்லியாயிற்று. நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே வாங்கலாம். பெரிய ஆபரேஷனுக்கு முன் வாங்கலாம். பிழைத்து எழுந்து மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் வாங்கலாம். ரோமிலிருந்து வந்த மாற்றம் உங்கள் ஊர் வரை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊருக்கும் வரவில்லை. என் மாமியார் மூன்று முறை நோயில்பூசுதல் வாங்கினார். மூன்றாவது முறைக்குப் பிறகும் நாலு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தார். அம்மா ஒரு ஆளைக் காட்டச் சொன்னாரே, இவரைக் காட்டுங்கள்.

பூசும்போது சொல்கிற ஜெபத்தையும் அம்மாவிடம் சொல்லுங்கள். ஆண்டவர் தூய ஆவியின் அருளால் உனக்கு உதவட்டும், உன்னைப் பாவத்திலிருந்து விடுவித்துக் காப்பாற்றட்டும், எழுப்பட்டும் என்ற பொருளில் வரும். எழுப்பட்டும் என்று கேட்கிற ஜெபம் அது. சாகட்டும் என்று ஒரு வார்த்தை கூட அதில் கிடையாது.

இப்போது வேலை விஷயம். இதை யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

புதன்கிழமை சாயங்காலமே வரச்சொல்லுங்கள். ராத்திரிக்கு மேல் வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பார்கள், அப்புறம் நன்மை கொடுப்பது கஷ்டம். கிருமிநாசினி போட்டுக் குளிப்பாட்டி, நெஞ்சு முடி வழிப்பதற்கு முன்னால் பூசுதல் முடிந்துவிட்டால் நல்லது. வார்டு சிஸ்டரிடமும் டியூட்டி டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து மரியாதையாகக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. அம்மா பழக்கத்தில் இரண்டு மெழுகுதிரி கொண்டுவருவார். ஆக்சிஜன் இருக்கிற இடத்தில் கொளுத்தவே கூடாது, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு) மட்டும் போதும். பெட் பக்கத்தில் உள்ள சின்ன மேசையில் ஒரு வெள்ளைத்துணி, ஒரு தம்ளர் தண்ணீர், கொஞ்சம் பஞ்சு வைத்துவிடுங்கள். நெற்றியிலும் இரண்டு கைகளிலும் பூசுவார்கள். புறங்கையில் ஊசி போட்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளங்கையில் பூசிக்கொள்வார். ரொம்ப அவசரம் என்றால் நெற்றி மட்டுமே போதும்.

விழுங்கக் கஷ்டம் என்றால் அப்பத்தில் ஒரு துணுக்கு போதும். மூக்கில் குழாய் போட்டுச் சுத்தமாக விழுங்கவே முடியாத ஒருவருக்கு ஒரு சாமியார் திருஇரத்தத்தை (பூசையில் படைத்த திராட்சை இரசத்தை) ஒரு துளி நாவில் விட்டதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உபதேசியார் மகன் சொன்னது:

நர்ஸ் அக்கா எனக்கு மிச்சம் வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் பற்றியும் வரி பற்றியும் நான் சொல்கிறேன். என் அப்பா 40 வருஷம் உபதேசியார் (பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்துக் கோயில் வேலை பார்ப்பவர்), ஐந்து பங்குச்சாமியார்களிடம் வேலை பார்த்தவர். வரி நோட்டும் எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அப்பா நினைவோடு பேசுகிற நிலையில் இருப்பதால் பாவசங்கீர்த்தனம் முதலில், பூசுதல் இரண்டாவது, நன்மை மூன்றாவது. நினைவில்லாமல் கிடப்பவருக்கு என்றால் பூசுதலே பாவத்தையும் மன்னிக்கும். "அவர் பாவம் செய்திருந்தால் மன்னிப்புப் பெறுவார்" என்றுதான் யாக்கோபு 5:15 முடிகிறது. ஆனால் பேச முடிகிறவர் பேசிவிடுவது நல்லது. இருபது வருஷக் கணக்கு எப்படிச் சொல்வது என்று அவர் மலைக்கலாம். "சாமி, இருவது வருசம் ஆச்சு, எப்படிச் செய்றதுன்னு மறந்துபோச்சு" என்ற ஒரு வரியோடு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மிச்சத்தைச் சாமியார் கேட்டு வாங்கிக்கொள்வார். மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருந்திச் சொல்லும் ஜெபம்) மறந்திருந்தாலும் பரவாயில்லை, அவர் கூடவே சொல்லிக்கொடுப்பார். நீங்கள் எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள், வெளியே வந்த பிறகு என்ன பேசினீர்கள் என்று ஒருவரும் கேட்காதீர்கள். போனில் பாவசங்கீர்த்தனம் செல்லாது. சிலர் கேட்பதுண்டு, அதனால் சொல்கிறேன்.

வரி விஷயம் எனக்கு ஆத்திரம் வருகிற விஷயம். வரி என்பது ஊர் நிர்வாகம். அதற்கும் அருட்சாதனத்துக்கும் முடிச்சுப் போடுவது நம் ஊர்களில் இருக்கிற நோய். தகுந்த மனநிலையோடு, தகுந்த நேரத்தில் கேட்கிறவருக்கு, சட்டத்தடை ஏதும் இல்லை என்றால், அருட்சாதனத்தை மறுக்கக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 843. பணமில்லை என்பதால் ஏழை ஒருவர் அருட்சாதனத்தின் உதவி இல்லாமல் போகக்கூடாது என்கிறது 848. வரி நோட்டைப் பார்த்துப் பூசுதல் கொடுக்கச் சொல்லி எந்த எண்ணிலும் இல்லை. தவிர, நீங்கள் ஊர்ப் பங்கைக் கேட்கவே வேண்டாம். மருத்துவமனை இருக்கிற இடத்தின் பங்குத்தந்தையைக் கூப்பிடுங்கள். அவசரத்தில் எந்தக் குருவும் செய்யலாம்.

மச்சானுக்குப் பதில்: வசனம் ஒன்றே, புரிந்துகொள்வது வேறு. திருச்சபையின் மூப்பர்களை அழையுங்கள் என்று 5:14-இல் வருவதைக் குருக்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆகவே குருவும் ஆயரும் மட்டுமே இதைக் கொடுக்க முடியும், தியாக்கோன் (குருவுக்கு அடுத்த கீழ்நிலையில் இருப்பவர்) கூட முடியாது. எண்ணெய் புனித வாரத்தை ஒட்டிக் கதீட்ரலில் ஆயர் மந்திரிப்பது (ஆசீர்வதிப்பது). மூன்று எண்ணெய் மந்திரிப்பார், அதில் நோயாளர் எண்ணெய் ஒன்று. வழக்கமாக ஒலிவ எண்ணெய். 1972-க்குப் பிறகு, அது கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகும், தேங்காய் எண்ணெய் உட்பட. பாஸ்டர் வந்து ஜெபிக்கட்டும், யார் ஜெபித்தாலும் நல்லதுதான். ஆனால் அப்பா கேட்டது அதை அல்ல. மச்சானிடம் சண்டை போடாமல் அதைச் சொல்லுங்கள்.

கடற்கரைக்காரருக்கு ஒன்று. பேரை மாற்றினால் பயம் போய்விடாது. உண்மையில் கடைசி அருட்சாதனம் என்று ஒன்று உண்டு. அது பூசுதல் அல்ல, நற்கருணைதான். சாகப்போகிறவருக்குக் கொடுக்கிற நற்கருணையை வழியுணவு என்பார்கள். இலத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பயணத்துக்குக் கட்டிக்கொடுக்கிற செலவும் சோறும் என்று பொருள், அதாவது நம்ம கட்டுச்சோறு. சாகிறவருக்கு அதை மறுக்காதீர்கள் என்று 325-இலேயே நிசேயா சங்கம் சொல்லிவிட்டது. நடுக்காலத்தில் பூசுதலைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அதற்குக் கடைசிப்பூசுதல் என்று பேரும் வைத்ததில் வரிசை குழம்பிப்போயிற்று. நம் பாட்டிமார் பயப்படுவது அந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான்.

நடுநிலைவாதி சொன்னது:

நானும் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். எண்ணெயைப் பூசினால் அடைப்பு கரையுமா? டாக்டரை நம்புங்கள், போதும்.

ஓய்வுபெற்ற நர்ஸ் சொன்னது:

கரையாது. கரையும் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. அதற்குத்தான் வியாழக்கிழமை ஆபரேஷன். ஆனால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மனுஷன் கூரையிலிருக்கும் லைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவார். அந்தப் பத்து நிமிஷம் கூட யாரும் போக முடியாது. எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், கையைப் பிடித்தால் விடமாட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு டாக்டரிடம் மருந்து கிடையாது.

மலையடிவாரம் சொன்னது:

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்காவின் மாமியார் கதையை அம்மாவிடம் சொன்னேன். முதன்முறையாகச் சிரித்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தம்மாவுக்கு ஆயுசு கெட்டி" என்கிறார். கட்டுச்சோறு என்றதும் மட்டும் கொஞ்சம் யோசித்தார். தாத்தாவுக்கு அன்றைக்கு நன்மை கொடுக்க முடியவில்லையாம், வாய் கட்டிப்போச்சாம். அது இத்தனை வருஷமும் அவருக்கு மனசில் இருந்திருக்கிறது.

மலையடிவாரம் சொன்னது (வெள்ளி இரவு):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துப் பங்கின் சாமியார் புதன் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், என்னைவிட இளையவர். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எங்களை வெளியே அனுப்பினார்கள். ஐந்து நிமிஷத்தில் முடியும் என்று நினைத்தேன், நாற்பது நிமிஷம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை அப்பா சத்தமாகப் பேசுவது கேட்டது. சப்பரம் என்ற வார்த்தை காதில் விழுந்த மாதிரி இருந்தது, உடனே நான் லிஃப்ட் பக்கம் தள்ளிப்போய்விட்டேன். உபதேசியார் மகன் சொன்னபடி, அப்புறம் யாரும் கேட்கவில்லை.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டார். மச்சானும் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாமியார் முதலில் ஒன்றும் பேசாமல் அப்பா தலையில் இரண்டு கையையும் வைத்தார். நெற்றியில் பூசினார். இடது புறங்கையில் ஊசி இருந்ததால் உள்ளங்கையில். அப்பா "ஆமென்" சொன்னது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

நன்மை கொடுக்கும் நேரத்தில் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுச் சாமியார் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா பதறிப்போய், "நான் இப்பத்தான் காபி குடிச்சேன் சாமி, ஒரு மணி நேரம் கூட ஆகலியே" என்றார். "நோயாளியைப் பாத்துக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு இல்லம்மா, நீங்க வாங்கலாம்" என்றார் அவர். அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது, நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாங்கிக்கொண்டார். 22 வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில், ஒரே தட்டிலிருந்து.

வியாழன் ஆபரேஷன் ஐந்தரை மணி நேரம். இன்று மதியம் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஐசியூவில் ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். தண்ணீர் கேட்டார், கொடுக்கக்கூடாதென்று பஞ்சில் நனைத்து உதட்டில் தடவினேன்.

ஊரிலிருந்து சித்தி போன் செய்து, "சாமியார் வந்தாராமே, அவஸ்தை குடுத்தாச்சா?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்கே கேட்டது.

"அதெல்லாம் இல்லடி, சாமி சும்மா பாத்துட்டுப் போனாரு" என்றார் அம்மா.